வாசல் மறவாத பெருந்தகைக்கு

கடன் கொடுக்கும் பெருந்தகையே, பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் உங்களுக்குப் பட்டிருக்கும் நன்றிக்கடனை யாராவது எழுதி வைக்க வேண்டும். சொந்தக்காரர்கள் நல்லது கெட்டதுக்கு வருவார்கள். கட்சிக்காரர் ஓட்டுக்கு வருவார். வீட்டுக்காரர் வாடகையை ஏற்ற வருவார். மழை, காய்ச்சல், சாவு எதையும் பாராமல் சொன்ன தேதியில் சொன்ன நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பவர் நீங்கள் ஒருவர்தான். அல்சூரிலும் ஈஜிபுராவிலும் ஸ்ரீராம்புரத்திலும் லிங்கராஜபுரத்திலும் எந்தச் சந்தில் எத்தனையாவது மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்பது உங்கள் ஆளுக்கு மனப்பாடம். எங்களைத் தமிழில் 'அக்கா' என்பார், பக்கத்து வீட்டில் கன்னடத்தில் பேசுவார், எதிர்வீட்டில் இந்தியில் 'தீதி' என்பார். மொழிச் சண்டை எட்டிப் பார்க்காத ஓர் இடம் இந்த நகரத்தில் உண்டென்றால் அது உங்கள் வசூல் நோட்டு.

நான் எழுதப்போகும் புகழில் மிகை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு.

உங்கள் ஈகைக்கு நேரம் காலம் இல்லை. இரவு பதினொரு மணிக்குக் கணவருக்கு நெஞ்சு வலி. மருத்துவமனைக் கவுண்டரில் முப்பதாயிரம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அண்ணனுக்குப் போன் போட்டால் "காலையில பாக்கலாம்மா" என்கிறார். கம்பெனியில் யாரும் போனை எடுப்பதில்லை. நீங்கள் எடுக்கிறீர்கள். ஆதார், பான், ஒரு செல்ஃபி, ஐந்து நிமிடத்தில் பணம் கணக்கில் ஏறிவிடுகிறது. எதற்குப் பணம் என்று கேட்பதில்லை, எப்படித் திருப்பிக் கட்டுவாய் என்றும் கேட்பதில்லை. பெற்ற தாய்கூட இந்த இரண்டில் ஒன்றையாவது கேட்டிருப்பாள். சம்பளம் மாதம் 21,000 ரூபாயைத் தாண்டினால் தொழிலாளி ஈ.எஸ்.ஐ. மருத்துவத்துக்கு வெளியே போய்விடுவார். அந்த வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை வாடகை ஏறியது, பால் விலை ஏறியது, 2025இல் பஸ் கட்டணமும் மெட்ரோ கட்டணமும் ஏறின என்பது அந்த வரம்புக்குத் தெரியாது. அந்தக் கதவு மூடும் இடத்தில் உங்கள் கதவு திறந்திருக்கிறது.

எங்கள் உழைப்பின் மேல் நீங்கள் வைத்திருக்கும் மதிப்பையும் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2022இல் ஒரு விதி வைத்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு வாங்காமல் கொடுப்பது நுண்கடன். அந்தக் குடும்பம் கட்டும் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. விதியை நீங்கள் மதிக்கிறீர்கள். ஆகவே, தவணை பாதியைத் தாண்டும் வீடுகளில் வருமானத்தை ஏற்றி எழுதிக்கொள்கிறீர்கள். பதினெட்டாயிரம் சம்பாதிக்கும் வீடு உங்கள் படிவத்தில் இருபத்தைந்தாயிரம் சம்பாதிக்கிறது. ஒரே கையெழுத்தில் ஏழாயிரம் ரூபாய் சம்பள உயர்வு. எந்த முதலாளியும் எங்களுக்கு இதைச் செய்ததில்லை.

விவேக்நகரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி ஓசூர் ரோட்டில் ஒரு தையல் ஆலையில் வேலை பார்க்கிறார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். அந்த வீட்டின் ஒரு வருடம் இப்படிப் போனது. ஏப்ரலில் வீட்டுக்காரர், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பது வழக்கம். இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம். அதை ஏற்பது மாநிலங்களின் விருப்பம். தெருவில் செல்லுபடியாவது வழக்கம்தான். புதிய வீட்டுக்கு மாதம் 9,000. ஆக 90,000 கையில் வேண்டும். பழைய அட்வான்ஸ் 60,000. அதில் பெயின்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் காலி செய்த பிறகுதான் தருவார்கள். புதிய வீட்டுக்கோ உள்ளே நுழையும் முன் கொடுக்க வேண்டும். நீங்கள் வந்தீர்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம். அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடம் கிடையாது என்று கர்நாடகம் 2019இல் மாற்றிவிட்டது. மூத்தவன் இலவசமாகச் சேர்ந்த பள்ளியில் இளையவளுக்குக் கட்டணம். நீங்கள் வந்தீர்கள். ஆவணியில் ஊரில் கணவரின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தோடு, பட்டுப்பாவாடை, வரிசைத் தட்டு எல்லாம் மாமன் பொறுப்பு. கார்த்திகையில் மாமனார் ஈர வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இரண்டுக்கும் நீங்கள்தான்.

இவற்றை எல்லோரும் எதிர்பாராத செலவு என்கிறோம். பிள்ளை பள்ளிக்குப் போகும் என்பதும், அப்பாவுக்கு வயதாகும் என்பதும், வாடகை வீட்டை ஒருநாள் காலி செய்ய வேண்டும் என்பதும் யாருக்கும் தெரியாத செய்தியா? தேதிதான் தெரியாது. வந்தே தீரும் செலவுகளுக்கு இடம் வைக்காத சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, அவை வந்ததும் எங்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று சொல்பவர்கள் பலர். நீங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நாங்கள் சிக்கனமாக இருந்துவிட்டால் உங்களுக்கு வேலையில்லை என்பதை அறிந்தவர் நீங்கள்.

சொந்தங்களையும் இதே வாயால் புகழ வேண்டும். அவர்களுடைய நினைவாற்றல் உங்களுக்குக் குறைந்ததில்லை. எந்த ஆண்டு எந்த விசேஷத்தில் யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது மொய் நோட்டில் இருக்கிறது; வாங்கியதைவிட ஒரு நூறாவது கூட்டித் திருப்பிவைக்க வேண்டும். பெங்களூரில் இருக்கிறான் என்பதற்காகவே இன்னும் கொஞ்சம் கூட்டி எதிர்பார்ப்பார்கள். அண்ணன் வைத்த தோடு எந்தக் கடன் பணத்தில் வந்தது என்று அந்தத் தங்கை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் தங்கை வேண்டாமென்றிருப்பாள். இது எனக்கு உறுதியாகத் தெரியும், ஏனென்றால் அவளும் உங்கள் நோட்டில் இருக்கிறாள்.

உங்கள் சங்கங்கள் வளர்க்கும் ஒற்றுமைக்கு ஈடு இணை இல்லை. பத்துப் பெண்கள் ஒரு சங்கம். வாரத்தில் ஒரு நாள் விடிகாலையில் ஒருத்தி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்வார்கள். முதலில் உறுதிமொழி, பிறகு வசூல். ஒருத்திக்குக் குறைந்தால் மற்ற ஒன்பது பேரும் போட்டு நிரப்ப வேண்டும். நிரம்பும் வரை யாரும் எழுந்திருக்க முடியாது. ஆலை பஸ்ஸுக்கு நேரமாகிறது. உங்கள் ஆள் குரலை உயர்த்தவே மாட்டார். "நான் ஒண்ணும் சொல்லலக்கா. உங்களுக்காகத்தான் இத்தன பேரும் உட்கார்ந்திருக்காங்க" என்பார், அவ்வளவுதான். மீதியை ஒன்பது பேரின் முகம் சொல்லிவிடும். நுண்கடன் பாக்கிக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடனாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. நீங்கள் அதை மீறுவதில்லை. இரவு ஒன்பதரைக்குக் கதவைத் தட்டுகிறவள் பக்கத்து வீட்டுக்காரி. நேற்றுவரை குழம்பு கொடுத்து வாங்கிய பக்கத்து வீட்டுக்காரி. சம்பளமில்லாத வசூல்காரியாக அவளை மாற்றிய திறமைக்கு என்ன பட்டம் கொடுத்தாலும் தகும்.

ஆனால் உங்கள் பெருமையின் உச்சம் வேறு. எங்களைப் பிரிய உங்களுக்கு மனம் வருவதே இல்லை.

அந்த விவேக்நகர் வீட்டில் மனைவி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடனைக் குறைத்துக்கொண்டு வந்தார். ஓவர்டைம் பார்த்தார். கிருகலட்சுமித் திட்டத்தில் மாநில அரசு போடும் 2,000 ரூபாயைத் தொடாமல் அப்படியே தவணைக்குத் திருப்பினார். பாதித் தூரம் வந்தாயிற்று, பாக்கி 32,000. அந்த வாரம் உங்கள் ஆள் சிரித்த முகத்தோடு வந்தார். "அக்கா, உங்க ரெக்கார்ட் சூப்பர். ஒரு தவணைகூட தவறல. அறுபதாயிரம் டாப்-அப் சாங்ஷன் ஆயிருக்கு." அவர் வாழ்க்கையில் யாரும் அவரைப் பார்த்து ரெக்கார்ட் சூப்பர் என்று சொன்னதில்லை, ஆலையில் பீஸ் குறைந்தால் கூச்சல் மட்டும்தான். மாமனாரின் ஆபரேஷன் பாக்கி இருந்தது. கையெழுத்துப் போட்டார். அறுபதாயிரத்தில் பழைய பாக்கி 32,000 போயிற்று. பிராசசிங் ஃபீஸ், இன்சூரன்ஸ் என்று 2,000 போயிற்று. கைக்கு வந்தது 26,000. தவணை மறுபடி ஒன்றாவது வாரத்திலிருந்து தொடங்கியது. ஒழுங்காகக் கட்டியவருக்கு நீங்கள் கொடுத்த பரிசு, கட்டி முடிக்காமல் இருப்பது. மலையேறுகிறவரைப் பாதி வழியில் மாலை போட்டுக் கீழே இறக்கிவிடும் மரியாதை இது.

கணக்குப் பாடத்திலும் நீங்கள் வல்லவர். ஒரு லட்சம் ரூபாய், 'ஃப்ளாட்' 12 சதவீதம், இரண்டு வருடம். எளிமையாகச் சொல்லித் தருகிறீர்கள்: வட்டி 24,000, மாதம் 5,167. முதல் மாதமே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டோமே, பிறகும் முழு லட்சத்துக்கு ஏன் வட்டி என்று கேட்டால்தான் கணக்கு சிக்கலாகும். குறைந்துகொண்டே வரும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் அதே தவணை ஆண்டுக்கு 21.6 சதவீத வட்டி. எங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று அந்தப் பெரிய எண்ணை நீங்களே சுமந்துகொண்டு சின்ன எண்ணை எங்களிடம் கொடுக்கிறீர்கள்.

ஐ.டி. கம்பெனி மாடிகளில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகளிடம் இதைவிடக் கனிவு. அவர்களுடைய கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. முழுதும் கட்ட வேண்டாம், 'மினிமம் டியூ' கட்டினால் போதும் என்கிறீர்கள். ஐந்து சதவீதம் என்று வைத்தால் 2,500 ரூபாய். மாத வட்டி மூன்றரை சதவீதம், 1,750. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 315. ஆக 2,500 கட்டிய பிள்ளையின் கடனில் குறைந்தது 435 ரூபாய். அதற்குள் அவன் அந்தக் கார்டில் அம்மாவுக்கு ஒரு மாத மாத்திரை வாங்கியிருந்தால் அதுவும் ஏறிவிடும். பழைய பாக்கி இருப்பதால் புதிதாக வாங்கியதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பை நீக்கியது. உங்கள் கனிவுக்கு இனி மேல்வரம்பு இல்லை.

ஏலச் சீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இருபது பேர் ஐயாயிரம் போடும் சீட்டில், அவசரக்காரர் இரண்டாம் மாதமே முப்பதாயிரம் தள்ளி எழுபதாயிரத்துக்கு எடுப்பார்; அவசரமில்லாதவர் அந்தத் தள்ளலைக் கசர் என்று பங்கு போட்டுக்கொள்வார். ஒருவருடைய ஆபரேஷன் இன்னொருவருடைய கசராக மாறுகிறது. அடகுக் கடைக்குப் போன சங்கிலி, வட்டி கட்டி வட்டி கட்டி மறு அடகிலேயே வருடக்கணக்கில் கிடக்கிறது. கழுத்தில் இருந்தால் திருடுபோகும்.

தங்கள் பணத்தைக் காக்க இந்த நகரத்துப் பெண்கள் ஒருமுறை தெருவுக்கு வந்தார்கள். 2016 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எஃப். விதியை மாற்றியது. வேலையை விட்டாலும் முதலாளி போட்ட பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்றது. முதுமையில் எங்களுக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணம். தையல் ஆலைப் பெண்ணுக்கோ பி.எஃப். என்பது கடனை மொத்தமாக அடைக்க இருக்கும் ஒரே பணம். ஓர் ஆலையை விட்டு நின்று, அதை எடுத்து அடைத்துவிட்டு, இன்னோர் ஆலையில் சேர்வார். ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை மறித்தார்கள். மறுநாள் பீண்யா, ஜாலஹள்ளி, ஹெப்பகோடி என்று பரவியது. தடியடி, கண்ணீர்ப் புகை, எரிந்த பஸ்கள். முன்னால் நிற்கத் தலைவர் யாரும் இல்லை. 19ஆம் தேதியே மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. நாட்டின் தொழிலாளர் வரலாற்றில் பெருமையோடு எழுத வேண்டிய இரண்டு நாட்கள் அவை. பெருந்தகையே, அந்தப் பெண்கள் அடி வாங்கி மீட்ட பணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது உங்கள் நோட்டில் இருக்கும்.

2025 ஜனவரியில் வசூல் தொல்லை தாங்காமல் ஹாவேரி மாவட்டத்துப் பெண்கள் தங்கள் மாங்கல்யத்தைத் தபாலில் வைத்து ஆட்சியாளர்களுக்கு அனுப்பினார்கள். சாமராஜநகர் பக்கம் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போயின. கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் முதலில் திருப்பி அனுப்பினார். கடனே 3 லட்சத்துக்கு மேல் போகாதபோது 5 லட்சம் அபராதம் அதிகமில்லையா என்பது அவர் கேள்விகளில் ஒன்று. உங்களுக்காக அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு குரல். பிப்ரவரி 12 அன்று ஒப்புதல் கிடைத்தது. மிரட்டி வசூலித்தால் பத்து ஆண்டு வரை சிறை. பதிவில்லாதவர் ஏழைகளுக்குக் கொடுத்த கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்படும். ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றவர்களை அந்தச் சட்டம் தொடவில்லை. தமிழ்நாடும் அதே ஆண்டில் இதுபோன்ற சட்டத்தை இயற்றியது. கந்து வட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் எதிராக அங்கே 2003 முதலே சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும் நீங்கள் இரு மாநிலங்களிலும் நலமாக இருக்கிறீர்கள். உங்கள் ஆயுள் கெட்டி.

இனி உங்களோடு பேச்சில்லை. படிக்கிறவர்களோடு பேச வேண்டும்.

அக்கா, அண்ணா, உங்களுக்கு எந்தெந்தக் கடன், எவ்வளவு பாக்கி, எது அதிக வட்டி என்பதை ஒரே தாளில் எழுதி வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். ஊரில் இருக்கும் தங்கைக்கும் காட்டுங்கள். தோட்டைவிட அண்ணன் முக்கியம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். மொய் நோட்டில் ஒரு வருடம் பாக்கி நின்றால் அதற்கு வட்டி கிடையாது. டாப்-அப் என்று சிரித்துக்கொண்டு வருபவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். கட்டி முடித்ததற்குத் தடையில்லாச் சான்று கேளுங்கள். போனஸ் வந்தால் அதிக வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். நுண்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வசூலுக்கு வந்தவர் வரம்பு மீறினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. மிரட்டினால் நேராகப் போலீஸ் ஸ்டேஷன்.

புதிதாகக் கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால் கையெழுத்துக்கு முன் வட்டியும் கட்டணமும் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் எழுதிய விவரத் தாளைக் கேளுங்கள். கொடுத்தாக வேண்டும், நுண்கடன் என்றால் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். தமிழ்தான் புரியும் என்றால் தமிழில் கேளுங்கள். தரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.